டிஎன்டி (விளம்பர அழைப்புத் தடை) போட்டும் ஸ்பேம் கால் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை. ஆண்ட்ராய்டு 14, இரட்டை சிம், ப்ரீபெய்டு. நம்பரை போர்ட் செய்த மறுவாரத்திலிருந்து பர்சனல் லோன், மீஞ்சூர் மனை என்று விடாத தொல்லை.

1909-க்கு ஸ்டார்ட் 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பியதும் 140-ல் தொடங்கும் டெலிமார்க்கெட்டிங் எண்களிலிருந்து வந்தவை நின்றன. இப்போது வருவதெல்லாம் சாதாரண 10 இலக்க மொபைல் எண்கள். ஒன்றை பிளாக் செய்தால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறி அடுத்தது வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பில் எண், தேதி, பேசியதன் சுருக்கம் எல்லாம் போட்டுக் கெடுவுக்குள் புகார் கொடுத்தாலும், ‘வாடிக்கையாளர் சம்மதம் உள்ளது’ என்று ஆபரேட்டர் மூடிவிடுகிறார். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு புகார் வசதி மோசடி அழைப்புக்கு. இது வெறும் தொல்லை.

தெரியாத எண்களை மொத்தமாக சைலன்ட் செய்தால் சிலிண்டர் போடுபவர் கீழே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். காலர் ஐடி ஆப்பும் வேண்டாம். காண்டாக்ட் லிஸ்ட் முழுவதையும் கேட்கிறது.

அந்தச் சம்மதம் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து ரத்து செய்வது எப்படி?