கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருக்கிறது, கேம் திறக்க மறுக்கிறது. அடுத்து எந்த கார்டு வாங்குவது?

காட்பாடி மாடியறை:

வணக்கம். காட்பாடி காந்தி நகரில் இருக்கிறேன், கல்லூரி மூன்றாம் ஆண்டு. போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ் 1660 சூப்பர் 6 ஜி.பி. கார்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), விண்டோஸ் 10. மானிட்டர் 1080பி.

சென்ற வாரம் ஸ்டீமில் இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் வாங்கினேன். இரண்டு ராத்திரி டவுன்லோடு ஓடியது. திறந்தால், கார்டில் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் முறை) இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது, அதோடு மூடிக்கொள்கிறது. டிரைவரைப் புதிதாகப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. கார்டு பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 12 என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதனால்தான் குழப்பம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது பாதி, அப்பா தருவது பாதி, மொத்தம் 28 ஆயிரம் இருக்கிறது. நான்கு வருஷம் தாங்க வேண்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஊரில் ஒரு கடையில் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. சொன்னார்கள், அதில் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்டே இருக்கிறதாம். நண்பன் ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜி.பி. என்கிறான். ஆர்க் பி580-யும் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எது சரி?

இன்னொன்று. போன மே மாதம் விளையாடும்போது நாலைந்து முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. நம்ம ஊர் கத்திரி வெயில், மொட்டை மாடி அறை, அதனால் என்று விட்டுவிட்டேன்.

ராணிப்பேட்டை அசெம்பிளர்:

தம்பி, முதலில் ஒன்று பார்த்துச் சொல்லு. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் டிஎக்ஸ்டயாக் என்று அடி (டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி, இடைவெளி இல்லாமல்). டிஸ்ப்ளே பக்கத்தில் ஃபீச்சர் லெவல்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் முதலில் இருக்கும் எண் என்ன?

காட்பாடி மாடியறை:

12_1 அண்ணா. அப்புறம் 12_0, 11_1 என்று இறங்கிக்கொண்டே போகிறது.

ராணிப்பேட்டை அசெம்பிளர்:

அதுதான் விஷயம். டைரக்ட்எக்ஸ் என்பது கேமும் கார்டும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் செய்த மென்பொருள் வழி. அதில் 12 என்பது 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த பெயர். அந்தப் பெயர் மாறாமலே இருக்க, உள்ளே கார்டு என்னென்ன செய்ய வேண்டும் என்ற அளவு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. அந்த அளவைத்தான் ஃபீச்சர் லெவல் என்கிறார்கள். 2020 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்டுக்கு 12_2 வேண்டும். அதற்கு நான்கு வசதிகள் சேர்ந்து இருக்க வேண்டும்: ரே டிரேசிங், மெஷ் ஷேடர், வேரியபிள் ரேட் ஷேடிங், சாம்ப்ளர் ஃபீட்பேக். உன் 1660 சூப்பரில் மெஷ் ஷேடர் இருக்கிறது. ரே டிரேசிங்குக்கென்று தனிச் சில்லுப் பகுதி கிடையாது. அதனால் 12_1-இலேயே நின்றுவிட்டது. பெட்டியில் அச்சிட்டது பொய் இல்லை, உனக்குத் தேவையான பாதியைச் சொல்லவில்லை.

என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ் 20 வரிசையிலிருந்து, ஏ.எம்.டி.யில் ஆர்.எக்ஸ் 6000 வரிசையிலிருந்து, இன்டெலில் ஆர்க் எல்லாமே 12_2. ஆர்.எக்ஸ் 5000 வரிசை சேராது. செகண்ட் ஹேண்டில் 5600 எக்ஸ்.டி., 5700 எக்ஸ்.டி. மலிவாகக் கிடைக்கும், அந்தப் பக்கம் போகாதே.

பாலாற்றங்கரை:

அண்ணா சொன்னது சரி, ஒரு சின்னத் திருத்தம் மட்டும். இந்த கேம் டைரக்ட்எக்ஸில் ஓடுவதில்லை, அதே வேலையைச் செய்யும் வல்கன் என்ற இன்னொரு வழியில் ஓடுகிறது. டிஎக்ஸ்டயாக்கில் 12_2 வருவது நல்ல அடையாளம், ஆனால் கேம் பார்ப்பது வல்கனின் ரே டிரேசிங் வசதி இருக்கிறதா என்று. ஜி.பி.யு-இசட் என்ற சின்ன மென்பொருளையும் போட்டுவையுங்கள். கார்டு எந்த ஸ்லாட் வேகத்தில் ஓடுகிறது, ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் எட்டும் வசதி) இயங்குகிறதா என்பது அதில் தெரியும்.

நான் கிராஃபிக்ஸ் புரோகிராமிங் வேலையில் இருக்கிறேன். ஏன் திடீரென்று இதைக் கட்டாயமாக்கினார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள், அதனால் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு அறைக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, சுவரில் வண்ணம் பூசுவது போல ஒட்டிவைத்துவிடுவோம். ஒரு ஜன்னலை நகர்த்தினால் மறுபடி முழுக் கணக்கும் போட வேண்டும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டிலுமே ரே டிரேசிங் வன்பொருள் உண்டு. அப்படி இருக்க, அது இல்லாத கார்டுகளுக்காக ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டாவது வெளிச்சம் செய்வது பெரிய உழைப்பு. அதை விடத் தொடங்கிவிட்டார்கள். 2023-இல் ஆலன் வேக் 2 மெஷ் ஷேடரை எதிர்பார்த்து வந்தது. 2024 டிசம்பரில் நீங்கள் வாங்கிய கேம், 2025 மேயில் டூம்: தி டார்க் ஏஜஸ், இரண்டுமே ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் திறக்காது. இனி வருவதில் இது கூடும், குறையாது.

அடுத்து என்ன என்று கேட்டால், 2025 மார்ச்சில் ரே டிரேசிங்கின் 1.2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் உள்ளவை வேகம் கூட்டும் வசதிகள். கார்டில் அவை இல்லை என்றால் கேம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். அதற்காக இப்போது பட்ஜெட்டை மீறிக் கடன் வாங்க வேண்டாம்.

ஸ்டீமில் வாங்கி 14 நாள் ஆகாமல், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். கார்டு வாங்கத் தாமதமாகும் என்றால் அதைச் செய்துவிடுங்கள் தம்பி.

காட்பாடி மாடியறை:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை அக்கா, நன்றி. அப்படியானால் 6500 எக்ஸ்.டி.யில் 12_2 இருக்கிறதே, விலையும் குறைவு. அதையே வாங்கிவிடலாமா?

ராணிப்பேட்டை அசெம்பிளர்:

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். அதில் இருப்பது 4 ஜி.பி. மெமரி. உன் கேம் கேட்பது குறைந்தபட்சம் 8. மெமரி நிறைந்துவிட்டால் கார்டு உன் ரேமிலிருந்து எடுத்து எடுத்துப் போடும், அந்தப் போக்குவரத்து ஸ்லாட் வழியாகத்தான். ஸ்லாட்டில் உள்ள பாதைகளில் 6500 எக்ஸ்.டி. 4 பாதையை, அதாவது 4 லேனைத்தான் பயன்படுத்தும். அது பி.சி.ஐ.இ. (அந்த ஸ்லாட்டின் தரம்) 4.0 போர்டுக்கென்று செய்தது. உன் பி450 போர்டு 3.0. வேகம் பாதியாகி, நொடிக்கு சுமார் 4 ஜி.பி. அளவுதான் போகும். பாலாற்றுப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்தால் இரண்டு கரையிலும் வண்டி நிற்குமே, அப்படி ஆகிவிடும். நல்ல போர்டில் போட்டால்கூட திணறுகிற கார்டு அது.

3050 6 ஜி.பி.க்குத் தனியாகப் பவர் வயரே வேண்டாம், 70 வாட்தான். ஆனால் மெமரி 8-ஐத் தொடவில்லை. நான்கு வருஷம் என்று நீயே சொல்கிறாய்.

பி580 நல்ல கார்டு, 12 ஜி.பி. இருக்கிறது. ஆனால் அதன் டிரைவர் பிராசசர் மேல் அதிக வேலையை ஏற்றுகிறது. பழைய பிராசசரோடு போட்டால் வேகம் விழுவதை 2025 தொடக்கத்திலேயே பலர் சோதித்துக் காட்டினார்கள். 3600-க்கு அது சேராது.

ஆர்.எக்ஸ் 6600 போதும் என்றுதான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஏ.எம்.டி. 5000, 6000 வரிசைகளின் டிரைவரைத் தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது. புதிதாக வாங்குகிறவன் அங்கே தொடங்க வேண்டாம். மீதி இரண்டுதான்: ஆர்.எக்ஸ் 7600, ஆர்.டி.எக்ஸ் 5050. இரண்டும் 8 ஜி.பி., 8 லேன். உன் ஸ்லாட்டில் கொஞ்சம் இழப்பு இருக்கும், கண்ணுக்கு உறுத்தாது.

குடியாத்தம் தறி:

கார்டு பேச்சு இருக்கட்டும், அந்த ரீஸ்டார்ட்டை ஏன் யாரும் கேட்கவில்லை? வெயில் என்றால் முதலில் வேகம் குறையும், ஃபேன் கத்தும். பட்டென்று அணைந்து எழுந்தால் எனக்குக் கரண்ட் மேல்தான் சந்தேகம். எங்கள் வீட்டில் விசைத்தறி இருக்கிறது. தறி கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் இப்படித்தான் செய்யும்.

தம்பி, கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் பாருங்கள். 450 என்பதை விடுங்கள். +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று சொல்லுங்கள். கார்டுக்குப் போகிற வயர் எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து நேராக வருகிறதா என்றும் பாருங்கள்.

காட்பாடி மாடியறை:

திறந்து பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு 17 ஆம்பியர் என்று இருக்கிறது. கார்டுக்குப் போகும் வயர் நேராக வரவில்லை. டிஸ்க் போன்றவற்றுக்கான மோலெக்ஸ் வயர் இரண்டை ஒரு கன்வெர்ட்டரில் சேர்த்து 8 பின் ஆக்கியிருக்கிறார்கள். அதன் ஒரு ஓரம் பழுப்பு நிறமாக மாறியிருக்கிறது.

குடியாத்தம் தறி:

உடனே அதில் விளையாடுவதை நிறுத்துங்கள். 12-ஐ 17-ஆல் பெருக்கினால் 204 வாட். உங்கள் பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும், 1660 சூப்பர் 125. அங்கேயே 213 ஆகிவிட்டது. ஃபேனும் டிஸ்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. அந்தப் பழுப்பு நிறம் வயர் சுட்டதற்கான அடையாளம். வெயிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை அசெம்பிளர்:

இவர் கேட்டிராவிட்டால் நான் தவறவிட்டிருப்பேன். தம்பி, திட்டத்தை மாற்று. 28 ஆயிரத்தையும் கார்டிலேயே போடாதே. முதலில் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள எஸ்.எம்.பி.எஸ்., 8 பின் வயர் நேராக வருவது. மிச்சத்தில் கார்டு. 7600-க்கு 165 வாட், 5050-க்கு 130 வாட். உன் மாடி அறைக்கு வாட் குறைவாக இருப்பது நல்லது. பிளெண்டரும் கற்கிறாய், அதன் ரெண்டர் என்விடியா கார்டில் நன்றாகப் போகும். நான் 5050 பக்கம்தான் நிற்பேன். வெறும் கேம் மட்டும் என்றால் 7600-ஐச் சொல்லியிருப்பேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்துவிட்டது. 3600 விண்டோஸ் 11-க்குத் தகுதியானதுதான். கார்டு மாற்றும்போதே அதையும் முடித்துவிடு.

காட்பாடி மாடியறை:

நேற்று காலை ரயிலில் சென்னை போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். 5050-யும் எஸ்.எம்.பி.எஸ்.-உம் வாங்கிவிட்டேன். பட்ஜெட்டுக்கு மேலே கொஞ்சம் போனது, அம்மா கொடுத்தார்கள்.

மாட்டியதும் கார்டு வேலை செய்தது! ஆனால் இப்போது வேறு சிக்கல். ரீசைசபிள் பார் போடலாம் என்று பயாஸில் சி.எஸ்.எம். என்ற, பழைய முறையில் துவங்க உதவும் அமைப்பை ஆஃப் செய்தேன். அதன் பிறகு விண்டோஸ் வரவே இல்லை, நேராக பயாஸுக்கே போகிறது. டிஸ்க் போய்விட்டதா? இதை மொபைலில் அடிக்கிறேன்.

பாலாற்றங்கரை:

பயப்பட வேண்டாம், டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை. சி.எஸ்.எம்.-ஐ மறுபடி ஆன் செய்யுங்கள், விண்டோஸ் வந்துவிடும். உங்கள் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. சி.எஸ்.எம். இல்லாமல் துவங்க ஜி.பி.டி. முறை வேண்டும்.

விண்டோஸ் வந்ததும் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவியை ஓட்டுங்கள். அது விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. முதலில் வேலிடேட், அதில் பிழை இல்லை என்றால் மட்டும் கன்வெர்ட். விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் இரண்டு முறையும் அலோ ஃபுல் ஓ.எஸ். என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். முடிந்ததும் பயாஸில் சி.எஸ்.எம். ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ரீசைசபிள் பார் ஆன். எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதியையும் ஆன் செய்துவிடுங்கள், விண்டோஸ் 11 அதைக் கேட்கும்.

காட்பாடி மாடியறை:

வந்துவிட்டது அக்கா. ஜி.பி.யு-இசட்டில் ரீசைசபிள் பார் எனேபிள்டு என்று காட்டுகிறது. விண்டோஸ் 11-உம் ஏறிவிட்டது, டிஎக்ஸ்டயாக்கில் 12_2 வருகிறது.

கேம் திறந்தது. முதலில் காட்டுக்குள் திக்கித் திக்கிப் போனது. டெக்ஸ்சர் பூல் சைஸைக் குறைத்தேன், உடனே சரியாகிவிட்டது. 8 ஜி.பி.க்கு அதுதான் எல்லை போல. மூன்று மணி நேரம் ஓட்டினேன், ஒரு ரீஸ்டார்ட் இல்லை. அந்தக் கருகிய கன்வெர்ட்டரையும் பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் யாருக்கும் கொடுக்க மனமில்லை, இ-கழிவில் போடப்போகிறேன்.

ஆம்பூர்வாசி:

அந்த 1660 சூப்பரை விற்கிறீர்களா? தம்பி பத்தாவது படிக்கிறான், அவனுக்கு வேண்டும்.

காட்பாடி மாடியறை:

விற்கிறேன் அண்ணா. வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்: இது 12_1 வரைதான், ரே டிரேசிங் கிடையாது, கட்டாயமாகக் கேட்கும் புது கேம்கள் இதில் திறக்காது. பழைய கேம்கள் 1080பி-யில் நன்றாக ஓடும். அந்தப் பெட்டியிலும் டைரக்ட்எக்ஸ் 12-க்குப் பக்கத்தில் இதைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். தம்பி கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு விலை பேசலாம்.