ஸ்பார்ட்டாவில் பார்க்க என்ன இருக்கிறது? போய் வந்தவர்களின் அனுபவங்கள்

சினிமாவில் பார்த்த ஸ்பார்ட்டாவை, அந்தப் பழைய கிரேக்கப் போர்வீரர் நகரத்தை, தேடிப் போனால் அரை நாளில் சலித்துவிடும். ஏதென்ஸிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். இறங்கினால் நேர்நேரான தெருக்கள், பேக்கரிகள், ஊரைச் சுற்றி ஆரஞ்சுத் தோப்புகள். 1834-ல் கிரேக்க மன்னர் ஓட்டோ காலத்தில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. கூட வந்த நண்பர், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டேவிட்டார்.

பழைய நகரத்தின் மேடு வடக்கே ஆலிவ் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்குள்ள கல் அரங்கம்கூட ரோமானியர் காலத்தது. ஸ்பார்ட்டா கொடிகட்டிப் பறந்தபோதே அங்கே மதில் கிடையாது, பகட்டான கோயில்களும் கிடையாது. இந்த ஊர் பாழானால் இதற்கு இத்தனை பலம் இருந்ததென்று யாரும் நம்ப மாட்டார்கள் என பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அன்றைக்கே எழுதிவிட்டார். யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா என்ற பெண் தெய்வத்தின் கோயில் அடித்தளம் இருக்கிறது. பலிபீடத்தின் முன் பையன்களைச் சடங்காகச் சாட்டையால் அடித்த இடம். அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் இருக்கைகள் கட்டினார்களாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஸ்பார்ட்டா எனக்குப் பிடிபட்டது டைகெட்டஸ் மலைக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான். லங்காதா கணவாய் வழியாகக் கலமாட்டா நகருக்கு 60 கி.மீ. போல, வளைவுக்கு மேல் வளைவு, சில இடங்களில் பாறை சாலைக்கு மேலேயே கவிந்து நிற்கிறது. அங்கிருந்து பழைய மெசீனி நகரம் பக்கம்தான். அது இருக்கும் மெசீனியா வட்டாரத்து மக்களை ஹெலட்டுகளாக, அதாவது அடிமைகளாக, தலைமுறை தலைமுறையாக உழவைத்துச் சாப்பிட்டதால்தான் ஸ்பார்ட்டாக்காரர்களால் முழுநேரமும் போர்ப் பயிற்சியில் இருக்க முடிந்தது. கி.மு. 371-ல் லியூக்ட்ரா போரில் தீப்ஸ் என்ற இன்னொரு கிரேக்க நகரத்தின் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ், விடுதலையான மக்களுக்காக இந்த மெசீனி நகரத்தை எழுப்பினார். மதில் மட்டும் சுமார் 9 கி.மீ. சுற்றளவு! அர்காடியா வாசலில் வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவில் வட்ட முற்றம், சாந்தே இல்லாமல் பொருத்திய பெரிய பெரிய கற்கள். உள்வாசலின் நீளக்கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, அதை ஒட்டியே கார்கள் போகின்றன. ஆட்சி செய்தவர்கள் ஊரில் ஆரஞ்சு மரம், அடிமைகள் ஊரில் கோட்டை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்களுக்கு ஸ்பார்ட்டா பாதிதான்.

—

நான் போனது செப்டம்பர் கடைசியில், ஸ்பார்டத்லான் ஓட்டம் நடக்கும்போது. ஏதென்ஸிலிருந்து 246 கி.மீ. தூரத்தை 36 மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். பழைய ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடஸ் சிலையின் காலைத் தொட்டால்தான் முடித்ததாகக் கணக்கு. நடக்கவே முடியாமல் ஒருவர் வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் சைக்கிளில் கூடவே கத்திக்கொண்டு வந்தார்கள். சிலையைத் தொட்டதும் தலையில் ஆலிவ் வளையம் வைத்து, குடிக்க யூரோட்டாஸ் தண்ணீர் கொடுத்தார்கள். மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். அந்த வாரம் போவதென்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

—

மிஸ்ட்ராஸை விட்டுவிட்டீர்களே! ஸ்பார்ட்டாவிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். 1249-ல் கோட்டை கட்டிய மலைச்சரிவு, அப்புறம் பைசாந்தியர்களின், அதாவது கிழக்கு ரோமானியர்களின், நகரம். மற்ற இடங்களில் யாரும் குடியில்லை, பாண்டனாசா மடத்தில் மட்டும் கன்னியாஸ்திரிகள் இன்னும் வசிக்கிறார்கள். காலையிலேயே மேல் வாசலுக்குப் போய்விட்டு அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். வெயிலில் கீழிருந்து ஏறினால் முழங்கால் போய்விடும்.