மேப்பிள் பாகு: ஒரு போத்தலில் பூஞ்சை, இன்னொன்றில் கற்கண்டு, எல்லாவற்றிலும் கலங்கல் – எங்கே பிழைக்கிறது?

ஹாலிபர்ட்டன்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பகுதியில், வீட்டுக்குப் பின்புறம் நிற்கும் சர்க்கரை மேப்பிள் மரங்களிலும் ஓரிரு செம்மேப்பிள் மரங்களிலும் இந்த மார்ச் மாதம் சாறு எடுத்து, முற்றத்தில் விறகடுப்பு மூட்டிப் பாகு காய்ச்சினோம். சாறு எடுத்ததில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நெஞ்சளவு உயரத்தில் 25 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள மரங்களையே தெரிந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் 8 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரே ஒரு துளையை, சாறு தானாக வெளியே வழியும்படி உட்புறம் சற்று மேல்நோக்கிய சாய்வில் இட்டோம். இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் வெப்பநிலை இருந்த நாள்களில் வாளிகள் நன்றாகவே நிரம்பின.

சிக்கல் எல்லாம் காய்ச்சிய பிறகுதான். முதல் தொகுதியை, வெப்பமானி 104 டிகிரி செல்சியஸ் காட்டியவுடன் இறக்கி, சற்று ஆறவிட்டு, சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டிப் போத்தல்களில் அடைத்தேன். எல்லாப் போத்தல்களிலும் பாகு கலங்கலாக இருந்தது. சில நாள்களில் அடியில் மங்கலான பழுப்பு வண்டல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்தது. அலமாரியில் வைத்த போத்தல் ஒன்றின் மேற்பரப்பில் இப்போது சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்துள்ளது. பாகு நீர்த்துப்போனதுதான் காரணம் என்று எண்ணி, அடுத்த தொகுதியை விரலிடையே ஒற்றைக் கம்பி இழுபடும் வரை காய்ச்சினேன். அதில் பூஞ்சை இல்லை, ஆனால் அடியில் கண்ணாடிச் சில்லுகள்போல் கட்டிகள் விளைந்திருக்கின்றன. இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்களா, ஒன்றேதானா? இருக்கும் பாகில் எதைக் காப்பாற்றலாம்?

சர்க்கரைக்காடு (மறுமொழி):

வணக்கம் ஹாலிபர்ட்டன்வாசி. நீங்கள் சொல்வதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. கலங்கலும் வண்டலும் வடிகட்டலைச் சேர்ந்தவை. பூஞ்சையும் கட்டிகளும் அடர்த்தியைச் சேர்ந்தவை. அடர்த்தியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது சரியாக அமையாதவரை வடிகட்டிப் பயனில்லை.

104 டிகிரி என்பதைப் பலரும் மந்திர எண்போலப் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் விதி அதுவன்று: தண்ணீர் அன்றைக்கு, அந்த இடத்தில், உங்கள் வெப்பமானியின்படி எந்த வெப்பநிலையில் கொதிக்கிறதோ அதைவிட ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக வரும்போது பாகு பதத்துக்கு வருகிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால் 104 என்று எழுதிவைத்தார்கள். நிலம் 300 மீற்றர் உயர்ந்தால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். காற்றழுத்தம் மாறும் நாள்களில் இன்னும் அரை டிகிரி முன்பின்னாகும். இவற்றின் மேல், மலிவான சமையல் வெப்பமானிகள் தாமாகவே ஓரிரு டிகிரி பிழை காட்டும். ஆகவே ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், கனடாவில் மேப்பிள் பாகு 66 முதல் 68.9 பிரிக்ஸ் வரை, அதாவது எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்க வேண்டும். அந்தக் குறுகிய இடைவெளிக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் வாழத் தேவையான நீர் மிஞ்சிவிடுகிறது. மேலே போனால் குளிர்ந்தபின் தாங்க முடியாத சர்க்கரை படிகமாகப் பிரிகிறது. உங்கள் இரண்டு தொகுதிகளும் அந்த இடைவெளியின் இரு பக்கங்களிலும் விழுந்தவை என்றே தோன்றுகிறது. கம்பிப்பதம் நம் பலகாரங்கள் சிலவற்றுக்கு உரிய பதம். மேப்பிள் பாகுக்கு அது மிகவும் முற்றியது. சரியான அடர்த்தியில் உள்ள பாகு, கொதிக்கும்போது கண்ணுக்கு நீர்த்ததாகவே தெரியும். குளிர்ந்த பிறகுதான் அதன் தடிமன் வெளிப்படும், எனவே கண்ணையும் விரலையும் இங்கே நம்ப வேண்டாம்.

ஹாலிபர்ட்டன்வாசி:

மிக்க நன்றி அண்ணா. சோதித்துப் பார்த்தேன். கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி 101 காட்டுகிறது. எங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேலே இருப்பதால் அது 99ஐ ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். அப்படியானால் நான் 105இல் இறக்கியிருக்க வேண்டுமா?

சர்க்கரைக்காடு:

ஆம், அந்த வெப்பமானியின் கணக்கில் 105. வெறும் ஒரு டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் கொதிநிலை 4 டிகிரிக்குப் பதில் 3 டிகிரி மட்டும் உயர்ந்திருந்தால் அடர்த்தி 60 பிரிக்ஸை ஒட்டியே நின்றிருக்கும். பூஞ்சைக்கு அது போதும். வெப்பமானியைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு முறையும் காய்ச்சும் நாளன்றே தண்ணீரில் சோதித்து, அன்றைய எண்ணுடன் நான்கைக் கூட்டிக்கொண்டால் பிழையான வெப்பமானியும் சரியாகவே வேலை செய்யும்.

இயன்றால் மேப்பிள் பாகுக்கென்றே விற்கும் ஹைட்ரோமீட்டர் (பாகில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி) ஒன்றையும், அதற்குரிய உயரமான உலோகக் குவளையையும் வாங்குங்கள். கொதிக்கும் பாகினைக் குவளையில் நிரப்பி, கருவியை மெல்ல இறக்க வேண்டும். சூடான பாகுக்கான சிவப்புக் கோடு மேற்பரப்போடு ஒத்து நின்றால் அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம். கருவி அதைவிட ஆழமாக அமிழ்ந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். சூடாக இருக்கும்போது அந்தக் கோடு 59 பிரிக்ஸ் அளவில் இருப்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். வெப்பத்தில் பாகு விரிந்து லேசாவதால் அப்படிக் காட்டுகிறது. அதே பாகு 15.6 டிகிரிக்குக் குளிர்ந்தால் 66ஐக் காட்டும். குவளையில் பாகு விரைவாக ஆறும் என்பதால் அளவை உடனே பார்க்க வேண்டும். முந்தைய முறையின் பாகு கருவியின் தண்டில் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் எடை கூடி அளவு தவறும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சமையற்கட்டுவேதியல் (மறுமொழி):

வண்டலைப் பற்றி நான் சொல்கிறேன். அடியில் படிந்த பழுப்புப் பொருளைக் கொஞ்சம் கரண்டியில் எடுத்து வெந்நீரில் கலக்குங்கள். முழுவதும் கரைந்துவிட்டால் அது சர்க்கரைப் படிகம். கரையாமல் மாவுபோல் மிதந்து, விரலிடையே நெருடினால் அது ‘சர்க்கரை மணல்’ எனப்படும் தாதுப்படிவு. சாற்றில் இயல்பாகவே உள்ள கால்சியமும் மாலிக் அமிலமும், நீர் வற்ற வற்ற, கால்சியம் மாலேட்டாகப் பிரிவதுதான் அதன் பெரும்பகுதி. உண்பதால் தீங்கில்லை; பார்வைக்கும் நாவுக்கும்தான் இடைஞ்சல்.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பாகு பதத்துக்கு நெருங்கும்போதுதான் இந்த மணல் மிகுதியாக உருவாகிறது. ஆகவே இறுதி அடர்த்தி வந்த பிறகே வடிகட்ட வேண்டும், முன்பே வடிகட்டினால் பின்பு மீண்டும் பிரியும். அடுத்து, ஆறிய பாகு எந்தத் துணியிலும் இறங்காது. அடுப்பிலிருந்து இறக்கியவுடன், 85 டிகிரிக்குக் கீழே போவதற்குள் வடிகட்டிவிட வேண்டும். பருத்தித் துணியின் இழைகள் இந்த மணலுக்கு மிகவும் அகலமானவை, காப்பி வடிகட்டும் தாளோ சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். செயற்கை இழையாலான தடித்த கூம்பு வடிகட்டி கிடைக்கிறது. அதனுள் மெல்லிய முன்வடிகட்டிகளை இரண்டு மூன்றாக அடுக்கி, முதலில் வெந்நீரில் நனைத்துப் பிறகு பாகினை ஊற்றுங்கள். மேலடுக்கு அடைபட்டால் அதை மட்டும் உருவி எடுத்துவிட்டால் ஓட்டம் தொடரும்.

இப்போது கையில் கலங்கலாக உள்ள நல்ல பாகினைச் சில வாரங்கள் குளிர்பெட்டியில் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்வது எளிய வழி. வடிகட்டி கையிலிருந்தால், அடர்த்தியைச் சரிசெய்ய மீண்டும் காய்ச்சும்போதே அந்த வேலையும் முடிந்துவிடும்.

கியூபெக்வாசி (மறுமொழி):

பூஞ்சை படர்ந்த போத்தலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இங்கே கியூபெக்கில் பழைய ஆட்கள் மேலே படர்ந்ததை அகப்பையால் எடுத்துவிட்டு, பாகினைக் கொதிக்கவைத்து மறுபடியும் அடைப்பார்கள். தலைமுறைகளாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள், எனவே முழுப் போத்தலையும் வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சமையற்கட்டுவேதியல்:

அந்தக் கருத்தோடு என்னால் உடன்பட இயலவில்லை. கொதிக்கவைத்தால் பூஞ்சை சாகும். ஆனால் சில வகைப் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் நச்சுப் பொருள்கள் கொதிநிலையில் அழிவதில்லை, எந்த வகை படர்ந்திருக்கிறது என்று வீட்டில் அறியவும் முடியாது. அடர்த்தி குறைந்த பாகில் அது மேற்பரப்போடு நின்றிருக்கும் என்றும் கொள்ள முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் அந்த ஒரு போத்தலைத் தயங்காமல் கொட்டிவிடுவேன். அதே தொகுதியில் பூஞ்சை பிடிக்காத மற்றப் போத்தல்களை ஒன்றாக ஊற்றி, இன்றே மீண்டும் காய்ச்சிச் சரியான அடர்த்திக்குக் கொண்டுவாருங்கள்.

சர்க்கரைக்காடு:

நானும் கொட்டிவிடும் பக்கம்தான். மீண்டும் காய்ச்சும்போது மூன்று செய்திகள் நினைவிலிருக்கட்டும். பாகு தட்டில் 3 சென்ரிமீற்றருக்குக் கீழே வற்றினால் அடிப்பிடித்துக் கருகும், எனவே சிறிய அளவுக்குச் சிறிய, ஆழமான பாத்திரமே ஏற்றது. கடைசி நிமிடங்களில் நுரை திடீரென்று பொங்கும். ஒரு துளி வெண்ணெயைத் தொட்டு வைத்தால் உடனே அடங்கும். சாற்றைப் பெருமளவில் காய்ச்சுவதை வெளியிலேயே வைத்துக்கொண்டு, இந்த இறுதிக் கட்டத்தை மட்டும் உள்ளே அடுப்பில் செய்யலாம்; ஏனெனில் ஒரு லீற்றர் பாகுக்கு நாற்பது லீற்றர் அளவு நீர் ஆவியாகிச் சுவரிலும் கூரையிலும் படியும். கட்டி கட்டிய இரண்டாம் தொகுதியில் எதையும் எறிய வேண்டியதில்லை: கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, கட்டிகள் கரையும்வரை மெல்லச் சூடாக்கி, அடர்த்தியை அளந்து நிறுத்துங்கள்.

போத்தலில் அடைக்கும்போது பாகு 82 முதல் 85 டிகிரி வரை இருக்க வேண்டும். மூடியை முறுக்கியவுடன் போத்தலைச் சில நிமிடங்கள் சாய்த்துப் படுக்கவைத்தால் சூடான பாகு கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் நனைத்து அங்குள்ள கிருமிகளையும் அழித்துவிடும். வடிகட்டிய பிறகு அதை மீண்டும் கொதிக்கவிட்டால் புதிதாக மணல் பிரியும் என்பதால் வெப்பத்தை அந்த அளவோடு நிறுத்துங்கள்.

ஹாலிபர்ட்டன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பூஞ்சை பிடித்த போத்தலைக் கொட்டிவிட்டேன். மற்றவற்றை ஒன்றுசேர்த்து, வெப்பமானியில் 105 காட்டும்வரை காய்ச்சி, கூம்பு வடிகட்டியில் ஊற்றினேன். அம்பர் நிறத்தில் பின்னால் உள்ள எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இறங்கியது. கட்டிகளும் கரைந்துவிட்டன. ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது: கடைசி வாளிகளின் சாறு சற்று மஞ்சளாக இருந்தது, அதில் காய்ச்சிய பாகு கருமையாகவும் விரும்பத்தகாத ஒரு வாடையுடனும் இருக்கிறது. இதற்கும் அடர்த்திதான் காரணமா?

சர்க்கரைக்காடு:

இல்லை, அது பருவத்தின் முடிவு. பதநீரைப் போலவே மேப்பிள் சாறும் வெயில் ஏற ஏறக் கெடும். நுண்ணுயிர்கள் அதிலுள்ள சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிப்பதால் காய்ச்சும்போது நிறம் கருக்கிறது. நிறம் மட்டும் கருத்திருந்தால் கவலையில்லை, அடர்ந்த சுவையை விரும்பி வாங்குவோரும் உண்டு. வாடையோ மொட்டுகள் பருக்கத் தொடங்கிய மரத்திலிருந்து வருவது. காய்ச்சியும் வடிகட்டியும் அதை நீக்க முடியாது. செம்மேப்பிள் சர்க்கரை மேப்பிளைவிட முன்னதாகவே மொட்டு விடும். அடுத்த ஆண்டு அந்த மரங்களின் குழாய்களை முதலில் கழற்றிவிட்டு, எடுத்த சாற்றை 4 டிகிரிக்குக் கீழே வைத்து ஓரிரு நாளுக்குள் காய்ச்சிவிடுங்கள். கூம்பு வடிகட்டியை வெந்நீரில் மட்டும் அலசுங்கள்; சவர்க்காரம் போட்டால் அதன் மணம் அடுத்த பாகில் இறங்கும், முறுக்கிப் பிழிந்தால் இழை விலகி மணலை விட்டுவிடும்.