ஒரே தோள், ரெண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

கேள்வி:
கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சுளீரென்கிறது. முதல் அல்ட்ராசவுண்டில் சூப்ராஸ்பினேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) தசைநாணில் பகுதிக் கிழிசல் என்றார்கள். அடுத்த வாரம் வேறொரு ரேடியாலஜிஸ்ட், வெறும் டெண்டினோசிஸ், அதாவது கிழியாமல் தசைநாண் தேய்ந்து நலிந்திருப்பது என்கிறார். யாரோ ஒருவர் தப்பாகப் பார்த்துவிட்டாரா?

பதில் 1:
அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. தினமும் ஸ்கேன் பார்க்கிறவன் நான். முழுக் கிழிசல் என்றால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். தகராறே பகுதிக் கிழிசலில்தான். ப்ரோபை, அதாவது தோள்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், நல்ல நாரே கறுப்பாகத் தெரியும், அனைசோட்ரோபி என்போம். நிமிர்த்தியதும் அந்தக் கறுப்பு மறைந்தால் அது கிழிசல் இல்லை. நீளவாக்கு, குறுக்குவாக்கு ரெண்டிலும் தெரிந்தால்தான் நான் கிழிசல் என்றே எழுதுவேன். கிரேடு போடுவது இன்னும் வம்பு. பகுதிக் கிழிசலை ஆழத்தை வைத்துத் தரம் பிரிக்கும் எல்மன் முறையில் 3 மி.மீ.க்குக் குறைவான ஆழம் முதல் கிரேடு, 6 வரை இரண்டாவது. 2.8ஆ 3.2ஆ என்பது கர்சரை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது!

பதில் 2:
ரெண்டு டாக்டர்கள் ஒரே முடிவைச் சொல்கிறார்களா என்ற இந்த ஒத்துப்போதலை அளக்கத்தான் கப்பா என்ற எண். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடும். 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் குருட்டாம்போக்கு.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு ரிப்போர்ட்டிலும் மி.மீ. அளவே இல்லையே?

பதில் 1:
அப்போ படங்களையே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோங்க. கையின் பலத்தையும் சோதித்துப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.