யூஸ்டு டு, ஐ ஆம் யூஸ்டு டு: எதை எங்கே சொல்வது?

அம்பை அக்கா:
தங்கச்சி பேங்க் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன் என்பதற்கு 'ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்' என்கிறாள். எனக்கு அது விட்டுப்போன பழக்கம் மாதிரி படுகிறது, ஆனால் எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். 'ஐ ஆம் யூஸ்டு டு' என்று வேறொன்றும் இருக்கிறதே, அது எப்போது வரும்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பாளை டீச்சர்:
நீங்கள் நினைப்பதுதான் சரி. யூஸ்டு டு என்றாலே முன்பு இருந்தது, இப்போது இல்லை. 'தென்காசி யூஸ்டு டு பி இன் திருநெல்வேலி டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்லலாம், ஏனென்றால் 2019-ல் அது தனி மாவட்டமாகிவிட்டது. அம்பாசமுத்திரத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, அது இன்னும் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது. தங்கச்சி சொல்வதைக் கேட்டால் இன்டர்வியூவில் இருப்பவர், அப்படியென்றால் இப்போதெல்லாம் லேட்டாக எழுந்திருக்கிறாள் போல என்றுதான் எடுத்துக்கொள்வார். இன்றைக்கும் இருக்கிற பழக்கத்துக்கு வெறும் 'ஐ கெட் அப் அட் ஃபைவ்' போதும், வேண்டுமானால் நடுவில் ஒரு யூஷுவலி.

நம் ஆட்களுக்கு இது ஏன் தடுக்கிறது என்றால், தமிழில் 'எழுந்திருப்பது வழக்கம்' என்பது இன்றைக்கும் பொருந்தும், 'சின்ன வயசில் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம்' என்று போன காலத்துக்கும் அதே 'போவோம்' வரும், அதனால் வழக்கம் என்று மனசில் வந்ததுமே வாயில் யூஸ்டு டு வந்துவிடுகிறது.

ஆம் யூஸ்டு டு என்றால் பழகிப்போச்சு, அவ்வளவுதான். 'ஐ ஆம் யூஸ்டு டு தி ஹீட்', நம் ஊர் வெயில் எனக்குப் பழக்கம். வினைச்சொல் வந்தால் ஐஎன்ஜி கட்டாயம்: 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்'. தங்கச்சி தாராளமாக இதைச் சொல்லலாம், அர்த்தமும் அவள் நினைப்பதுதான்.

தென்காசிக்காரன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. கேள்வியில் டிட் வந்துவிட்டால் 'டிட் யூ யூஸ் டு', கடைசி டி போய்விடும். சாதாரண வாக்கியத்தில் அந்த டி இருக்கணும். பேசும்போது அடுத்து வரும் டு-வோடு ஒட்டிக்கொண்டு காதில் விழாது, அதனாலேயே எழுதும்போது பலர் விட்டுவிடுகிறார்கள்.

களக்காட்டு அண்ணாச்சி:
மூணாவதாக ஒன்றும் இருக்கிறது, அதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். வாழைத்தார் வெட்டுகிற அருவாளைக் காட்டி 'இட் இஸ் யூஸ்டு டு கட்' என்றால் வெட்டப் பயன்படுகிறது என்று அர்த்தம். இங்கே கட்டிங் வராது. பார்க்க ஆம் யூஸ்டு டு மாதிரியே இருக்கும், ஆனால் இங்கே நடு எழுத்தை இசட் போல அழுத்தணும், பழக்கத்தைச் சொல்லும்போது எஸ்தான்.

அம்பை அக்கா:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் 'செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் யூஸ்டு டு ரன்' சரிதானே? 2012-லேயே அகலப்பாதை ஆகிவிட்டதே.

பாளை டீச்சர்:
சரி. 'மீட்டர் கேஜ் ட்ரெயின்ஸ் யூஸ்டு டு ரன் டு செங்கோட்டை' என்று வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து தங்கச்சியை இந்த மூன்றிலும் அவளே சொந்தமாக வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், எழுத வேண்டாம், வாய்விட்டுச் சொல்லட்டும்.