தினமும் யோக சாதனை செய்கிறவர்களே, உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு நாளைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
நானே ஆரம்பிக்கிறேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இரண்டாம் பாதமான சாதன பாதம், அதன் 55 சூத்திரமும் எனக்கு மனப்பாடம். யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்த ஒரு டீச்சரிடம் கற்றது. அவர் ஒரு முறை சொல்ல நாங்கள் இரண்டு முறை சொல்ல வேண்டும், ஸ்வரம் பிசகினால் மறுபடியும் அதே வரி. காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். பக்கத்து அறையில் மாமியார், மூட்டு வலிக்காரர். அன்றைக்கு 'அஹிம்ஸா ப்ரதிஷ்டாயாம்' வரை வந்திருந்தேன். தெரியுமே, 35ஆவது, அகிம்சையில் நிலைத்தவர் முன்னால் பகை தானாக விலகும் என்கிற சூத்திரம். அத்தை கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை கதவைத் திறக்காமலே, 'ஃப்ளாஸ்க் தலைமாட்டிலதானே இருக்கு, கை எட்டாதா?' என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து 'தத் ஸந்நிதௌ வைர த்யாக:' என்று தொடர்ந்தேன். ஸ்வரம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அதுதான் உறுத்துகிறது. பிசகியிருக்கக் கூடாதா?

வெளியே வந்து பார்த்தால் தலைமாட்டில் ஃப்ளாஸ்க் இல்லை. ராத்திரி கழுவுவதற்கு எடுத்துப்போய் அடுப்படியிலேயே வைத்துவிட்டவள் நான்தான். அத்தை, 'ஸ்லோகம் முடிஞ்சுதாம்மா?' என்று மட்டும் கேட்டார்.

ரெண்டாம் ஷிஃப்ட்:
அக்கா, எங்களுக்கு சூத்திரம் எல்லாம் கிடையாது, வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைதான். அதில் அகத்தாய்வு என்கிற, தன்னைத்தானே ஆராயும் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தெரியும், எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல் என்று வரிசையாகப் போகும். சினம் தவிர்த்தலுக்கு ஒரு பட்டியல் போடச் சொல்வார்கள். யார் யார் மேல் கோபம் வருகிறது, எப்போது, எதற்கு. பட்டியல் போட்டு முடித்தால் ஊரில் இருக்கிற எதிரி ஒருத்தன் பெயரும் இருக்காது, எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தான் என்று வகுப்பிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஏறக்குறைய அப்படியேதான் வந்தது. முதலில் மனைவி, அடுத்து பையன், மூன்றாவது மில்லில் எனக்கு மேலே இருக்கிறவர், நாலாவது பாப்பா. அம்மா ஐந்து. ஒவ்வொருவரையும் நினைத்து 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்திவிட்டு நோட்டை ஷெல்ஃபில் சொருகிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு வந்தால் பாப்பா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது படிக்கிறாள். கையில் அந்த நோட்டு. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. 'அப்பா, அண்ணன் ரெண்டாவது, நான் மட்டும் ஏன் நாலாவது?' என்றாள். பிடித்தவர்கள் வரிசை என்று நினைத்துவிட்டாள். அந்த மேஸ்திரி மாமா எனக்கு முன்னாலயா என்று அழுகை வேறு.

நான் என்ன செய்தேன் தெரியுமா, பேனாவை எடுத்து அவளை முதலிடத்துக்கு மாற்றி எழுதினேன். சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். இப்போது பெரியவளானதும் ஒருநாள் அதை முழுசாகப் படித்துவிடுவாளோ என்று இருக்கிறது. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, அவள் கையெழுத்தில் பக்கத்தில் ஒரு ஸ்டார் போட்டு வைத்திருக்கிறாள்.

பாதம்நாலு:
முதல் பதிவிட்டவருக்கு ஒரு விளக்கம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதன பாதம் சொல்லும் ஸ்வாத்யாயம் என்றால் சுயபரிசோதனை என்று இப்போது எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். சூத்திரங்களுக்குப் பழைய உரையான வியாச பாஷ்யத்தைப் பாருங்கள், பிரணவம் முதலான மந்திரங்களின் ஜபம், அல்லது மோட்ச சாஸ்திரம் பயில்வது, அவ்வளவுதான். 44ஆவது சூத்திரமும் ஸ்வாத்யாயத்தால் இஷ்டதெய்வத்தோடு தொடர்பு கிடைக்கும் என்கிறதே தவிர, உன் குணம் உனக்குத் தெரியவரும் என்று சொல்லவில்லை. ஆகவே நீங்கள் செய்தது ஸ்வாத்யாயம்தான், கத்தியது யமத்தில், அதாவது அகிம்சை முதலான ஒழுக்கங்களில், வந்த பிழை, அது தனிக் கணக்கு. இரண்டாவது பதிவில் இருப்பது ஸ்வாத்யாயத்திலேயே சேராது, நல்ல பழக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் அனுபவம் சின்னது. பதஞ்சலி நின்று கூத்தனின் ஆட்டம் பார்த்ததாகச் சொல்லும் சிதம்பரத்தில், தீபாராதனையின்போது முதல் சூத்திரத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. 'அத யோகானுசாஸனம்', மொத்தமே அவ்வளவுதான். இருபது வருஷமாகச் சொல்கிறவன். திரை மூடும் வரை வரவில்லை.

போகட்டும். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பாய். போனை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், சைலண்டில் போட்டும் கூடாது. வாரத்துக்கு ஒரு சூத்திரம் போதும், 196 என்று கணக்கு வைத்தால் (195 என்று எண்ணுகிறவர்களும் உண்டு) நாலு வருஷத்துக்குள் நூல் முழுவதும் வந்துவிடும். முதல் நாள் பதம் பிரித்து எழுதுங்கள், அடுத்த மூன்று நாள் சொல்லிப் பாருங்கள், ஐந்தாம் நாள் பாஷ்யம் படியுங்கள், மீதி இரண்டு நாள் சும்மா அதோடு உட்காருங்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களுக்கு வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டு உட்காருங்கள், பாதியில் எழுந்திருக்கவே வேண்டாம். முக்கியமாக முதல் பாதம் 14. நீண்ட காலம், இடைவிடாமல், சிரத்தையோடு என்று பதஞ்சலி மூன்று சொல்கிறார், அதில் 'இடைவிடாமல்' என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். காய்ச்சல் என்றால் படுத்தபடியே மனசுக்குள் சொல்லலாம். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து மொட்டைமாடி இருக்கிறது. ரயிலில் மேல் பெர்த் இருக்கிறது. சாக்கு சொல்கிறவனுக்குத்தான் இடம் கிடைக்காது.

மேன்ஷன்வாசி:
நோட்டில் எழுதுவது சேராது, புத்தகம் படிப்பதுதான் சேரும் என்றால் புத்தகத்தைப் படித்துவிட்டு நான் செய்த கூத்தைக் கேளுங்கள் சார்.

அப்போது எனக்கு 23, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறைக்கு மூன்று பேர். திருமந்திரத்தில் அந்தப் பிராணாயாமக் கணக்கு எல்லாருக்கும் தெரியும், பூரகம் (உள்ளே இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32. உரையையும் வைத்துக்கொண்டு நானே தொடங்கினேன். மாத்திரை என்கிற அந்தக் கால அளவுக்கு ஒரு நொடி என்றாலே ஒரு மூச்சுக்கு 112 நொடி ஆகிறது, அடுத்த நாளே அதைப் பிடித்துவிட வேண்டும் என்று வெறி. நாலாம் நாள் கும்பகத்தில் நாற்பதோ ஐம்பதோ எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கன்னத்தில் சிமெண்ட் தரையின் சில்லிப்பு. கண்ணுக்கு நேரே ஒரு எறும்பு, அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, எங்கோ மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அறை நண்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, 'காலங்காத்தால குடிச்சிருக்கியாடா?' என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிராணாயாமம் செய்தேன் என்று சொல்ல அவ்வளவு வெட்கம். அவன் இன்றைக்கும் என் பிள்ளைகள் எதிரில் அதைச் சொல்லிச் சிரிப்பான், நானும் சிரிப்பேன். பிறகு போய்ச் சேர்ந்த ஆசிரியர் ஒரு வருஷத்துக்குக் கும்பகமே கூடாது, மூச்சை மெதுவாக விட மட்டும் பழகு என்றார்.

412:
பாதம்நாலு ஐயா, அந்த அடிக்கோடு விஷயமாகத்தான் எழுதுகிறேன். சண்டை போட அல்ல.

போனில் ஒரு தியான ஆப் வைத்திருக்கிறேன், உட்காருகிற ஒவ்வொரு நாளும் ஒரு எண் ஏறும், ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்குப் போய்விடும். என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். 411 வரை நீங்கள் சொன்ன ஆள்தான் நான், ரயில் மேல் பெர்த், மண்டபத்து மாடி, எல்லாம் பார்த்தவன்.

அப்பா இறந்தது ராத்திரி எட்டேகாலுக்கு. பில் கட்டி, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லி, வண்டி வர வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது மணி 11.40. திடீரென்று ஞாபகம் வந்தது, இன்றைக்கு உட்காரவில்லையே. அந்த இரும்பு பெஞ்சில் சம்மணம் போட்டு, பத்து நிமிடம் வைத்துக் கண்ணை மூடினேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். நான் அப்பாவுக்காக ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து அம்மாவும் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார். முடிந்ததும் ஆப்பில் அந்த மணி ஓசை வந்தது. 412.

அம்மா இன்றுவரை உறவுக்காரர்கள் யார் வந்தாலும் சொல்கிறார், 'அந்த நேரத்திலயும் என் பிள்ளை அவருக்காக உக்காந்து தியானம் பண்ணினான்' என்று. மறுநாள் நான் உட்காரவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் உட்காரவே இல்லை. இப்போது ஆப் இல்லாமல் உட்காருகிறேன், எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணக் கூடாது என்று முடிவு, ஆனால் மனசு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. 97.

பாதம்நாலு:
412 தம்பி, வருத்தம். அந்த நேரத்துக்கு அந்த விதி இல்லை, நான் பொதுவாகச் சொன்னது. சாஸ்திரப்படி தீட்டுக் காலத்தில் ஜபம் நிறுத்துகிற வழக்கமே உண்டு.

காவிரிக்கரை:
ஐயா, எல்லாம் செய்து முடித்துவிட்டு உட்காரச் சொன்னீர்கள். அதற்கு நான் இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இப்போது கதவைச் சாத்துவதில்லை, அவ்வளவுதான் மாற்றம். நேற்று 'ஸந்தோஷாத்' என்ற இடத்தில் அத்தை கூப்பிட்டார், போய் முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு வந்தேன், வந்து எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து. எரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரெண்டாம் ஷிஃப்ட் தம்பி, பாப்பா இப்போது எத்தனையாவது?

ரெண்டாம் ஷிஃப்ட்:
முதலாவதுதான் அக்கா. போன வாரம் ஸ்கூட்டியை உருட்டிப்போய்ச் சுவரில் இடித்துவிட்டாள், நிஜமாகவே முதலாவது.