பழைய டி.வி. கேமைக் கையடக்கமாக்க: பெட்டியைக் கையால் அறுப்பதா, 3டி பிரின்ட் எடுப்பதா?

கேசட்பெட்டி (அல்சூர்)
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பழைய டி.வி. கேம் ஒன்று இருக்கிறது. 90களில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்த, நின்டெண்டோவின் ஃபாமிகாம் மெஷினுடைய நகல்தான், மஞ்சள் கேசட் போடுவோமே, அதேதான். போர்டு நன்றாக வேலை செய்கிறது, கான்ட்ரா தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இதைத் திரை, பேட்டரியோடு கையில் பிடித்து ஆடுகிற மாதிரி மாற்றப் போகிறேன். கார் ரிவர்ஸ் கேமராவுக்குப் போடும் 3.5 அங்குலத் திரை ஒன்றை பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவிட்டேன். பெட்டிதான் பாக்கி. கணினியில் வரைந்து 3டி பிரின்ட் எடு என்கிறார் நண்பர். எனக்கோ கையால் செய்ய ஆசை. வாடகை வீடு, ஆனால் மொட்டை மாடி இருக்கிறது. எது சரி வரும்?

உப்புத்தாள்
கையால் செய்யுங்கள். இந்த வேலையில் பெட்டியின் அளவை உள்ளே போகிற சாமான்தான் தீர்மானிக்கும். கேசட் மட்டுமே சுமார் 11 செ.மீ. அகலம். 3.5 அங்குலத் திரை 4:3 வடிவம் என்றால் படம் தெரியும் பகுதி ஏறக்குறைய 71 × 53 மி.மீ. 18650 என்ற லித்தியம் பேட்டரி ஒன்று 65 மி.மீ. நீளம், 18 மி.மீ. விட்டம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வையுங்கள். அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து, உள்ளே எடைக்கு ஏதாவது போட்டு, கால் மணி நேரம் கையில் பிடித்து உட்காருங்கள். கட்டை விரல் தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் பட்டன். மணிக்கட்டு எங்கே வலிக்கிறதோ அந்த மூலையை வெட்டி வளைக்க வேண்டும். இதைக் கணினியில் வரைந்து கண்டுபிடிக்க முடியாது.

பெட்டிக்கு 3 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட் போதும். கட்டரால் நாலைந்து முறை ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக உடையும். ஓரத்தை அரத்தால் சரி செய்துகொள்ளலாம். வெட்டிய துண்டுகளில் மிஞ்சும் ஏபிஎஸ் தூளை அசிட்டோனில் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தால் தேன் பதத்துக்கு வரும். அதுதான் உங்கள் பசை. காய்ந்த பிறகு ஒட்டிய இடமும் ஷீட்டும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். அப்புறம் பட்டி பார்த்து, 120ஆம் நம்பரில் தொடங்கி 400, 800 என்று தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தால் கடையில் வாங்கியது போலவே இருக்கும்.

மூன்றாம்_அச்சு (எச்.எஸ்.ஆர்.)
அட்டை மாதிரி செய்யச் சொன்னீர்களே, அதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதோடு கை வேலையை நிறுத்திக்கொண்டு, அதன் அளவுகளை வரைபடத்தில் ஏற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

முக்கியக் காரணம் பட்டன்தான். ஃபாமிகாம் கண்ட்ரோலரில் ரப்பர் குமிழுக்கு அடியில் ஒரு கார்பன் வட்டு இருக்கும். அது போர்டில் உள்ள தடத்தைத் தொட்டால்தான் பட்டன் அழுந்தியதாகக் கணக்கு. பெட்டியின் முகத்துக்கும் அந்தப் போர்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் கூடினாலும் பட்டன் ஆட்டம் காணும், குறைந்தாலும் எப்போதும் பாதி அழுத்தியே நிற்கும். துளைக்கும் பட்டனுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். அரத்தால் நான்கு துளைகளிலும் ஒரே மாதிரி அந்த இடைவெளியைக் கொண்டுவர எத்தனை பேரால் முடியும்? அச்சில் எடுத்தால் ஒரு எண்ணை மாற்றி அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கையால் அறுத்த முகத்தில் துளை பெரிதாகிவிட்டால் மொத்த முகமும் போச்சு.

இன்னொன்று, ஃபைலைப் பகிர்ந்தால் ஓசூரில் இருக்கிறவரும் இதே பெட்டியைச் செய்துகொள்ளலாம். கைவேலையை அப்படிக் கொடுக்க முடியாது.

உப்புத்தாள்
பட்டனுக்கு வழி இருக்கிறது, பலரும் காலங்காலமாகச் செய்கிறார்கள். பழைய கண்ட்ரோலரின் மேல் ஓட்டிலிருந்து திசைப் பட்டன் இருக்கிற பகுதியையும் ஏ, பி பட்டன் இருக்கிற பகுதியையும் அப்படியே சதுரமாக அறுத்து எடுங்கள். உள்பக்கத்தில் ரப்பரைப் பிடிக்கும் விளிம்பும் போர்டைத் தாங்கும் குட்டித் தூண்களும் கூடவே வரும். அந்தச் சதுரங்களைப் புது முகத்தில் பொருத்தி ஓரத்தைப் பசையால் நிரப்பிவிட்டால், நீங்கள் சொன்ன அரை மில்லிமீட்டரைத் தொழிற்சாலைக்காரனே பார்த்துக்கொண்டான். பசையைப் போடுவதற்கு முன்னால் அந்த ஓடு ஏபிஎஸ்தானா என்று உள்பக்க மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

பி.எல்.ஏ.வில் அச்சிட்டு அனுப்புகிறவர்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு வந்தால் திரும்பும்போது என்ன ஆகியிருக்கும்?

மூன்றாம்_அச்சு
அதற்குத்தான் பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் இருக்கிறது, ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். ஏபிஎஸ் இன்னும் மேலே, 100ஐத் தாண்டி நிற்கும். பி.எல்.ஏ.வை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கண்ட்ரோலரை அறுத்து ஒட்டுவது நல்ல வழிதான், ஆனால் அது இரண்டு சதுரங்களோடு முடிந்துவிடுகிறது. திருகு போடும் தூண், திரையின் விளிம்பு, சுவிட்சின் பள்ளம், ஸ்பீக்கர் துளைகள் எல்லாம் இருக்கின்றனவே.

சின்ன_போர்டு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய போர்டு எதற்கு? இந்தக் கேம்களை ஓட்டக்கூடிய குட்டிக் கணினி ராஸ்பெர்ரி பை ஜீரோ 65 × 30 மி.மீ.தான். அதை வைத்தால் பெட்டி பாதி தடிமனுக்கு வந்துவிடும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும், பழைய மெஷினும் முழுசாகத் தப்பிக்கும். 1983இல் வந்த மெஷினை அறுத்துப் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பீன்யா_பட்டறை
ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஜப்பானில் செய்த அசல் ஃபாமிகாமாக இருந்தால் அதில் பிளேடு படக்கூடாது. 2003இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், இனி வராது. ஆனால் இவரிடம் இருப்பது நகல். போர்டின் நடுவே கறுப்பு மெழுகு உருண்டை மாதிரி ஒன்று இருக்கும், அதற்குள்ளேயே மொத்த மெஷினும் ஒரே சிப்பாக அடங்கிவிட்டது. இந்த மாதிரிப் போர்டுகள் பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. தாராளமாக அறுக்கலாம்.

கேசட் செருகுகிற இடத்தை மட்டும் நகர்த்தாதீர்கள். 60 பின்னுக்கும் நீள ஒயர் இழுத்து வேறு மூலைக்குக் கொண்டுபோனால் சிக்னல் கெட்டுப் படம் சிதறும். சாக்கெட் போர்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைச் சுற்றிப் பெட்டியைக் கட்டுங்கள். 1995இல் சேகா விட்ட நோமாட் என்ற கையடக்கக் கேம், வீட்டு மெஷினின் கேசட்டையே மேலே வாங்கிக்கொள்ளும். அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு வரைந்தால் உங்களுக்கு உதவும்.

நான் சொல்ல வந்தது பேட்டரி. கையால் அறுப்பதா அச்சிடுவதா என்று இவ்வளவு பேசினோம், பேட்டரி அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பெட்டியில் முதலில் வரைய வேண்டியது அதைத்தான். லித்தியம் செல்லுக்குத் தனிச் சுவர் வேண்டும். பின்மூடித் திருகு நீளம் கூடி, அதன் முனை செல்லில் குத்தினால் அங்கேயே தீப்பிடிக்கும். திருகுத் தூண் எதுவும் செல்லுக்கு நேரே வரக்கூடாது, திருகின் நீளத்தைத் தூணின் ஆழத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் முடுக்க வேண்டும்.

கேசட்பெட்டி
சின்ன_போர்டு, என்னிடம் கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் செருகி ஆட வேண்டும் என்பதுதான் எண்ணம், அதனால் பழைய போர்டுதான்.

பீன்யா அண்ணா, மின்சாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். 9900 எம்.ஏ.எச். என்று போட்ட 18650 செல் ஒரு கடையில் மலிவாகக் காட்டினார்கள்.

பீன்யா_பட்டறை
வாங்காதீர்கள். அந்த அளவில் 9900 வரவே வராது, நல்ல செல்லே 3500 பக்கத்தில் நின்றுவிடும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும். 30க்குக் கீழே காட்டினால் தொடவே வேண்டாம்.

உங்கள் போர்டில் வோல்ட்டை 5க்கு இறக்கும் 7805 ரெகுலேட்டர் இருக்கும். 9 வோல்ட் கொடுத்தால் மிஞ்சும் 4 வோல்ட்டையும் அது சூடாகவே வெளியே விடும். போர்டு 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1.2 வாட் வீண், அதுவும் உங்கள் உள்ளங்கைக்கு அடியில். அதைக் கழற்றிவிட்டு ஒரு செல்லில் இருந்து 5 வோல்ட் ஏற்றித் தரும் பூஸ்ட் போர்டைப் போடுங்கள். அந்தக் காரில் போடுகிற திரை 12 வோல்ட் கேட்கும், ஆனால் பலவற்றில் உள்ளேயே இறக்கிக்கொள்ளும் சர்க்யூட் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து உள்ளே 5 வோல்ட் ஓடுகிறது என்றால் நேராக அங்கேயே கொடுத்துவிடலாம்.

சார்ஜுக்கு டிபி4056 போர்டு, பாதுகாப்பு சிப்போடு வருகிற வகை. அது 1 ஆம்பியரில் ஏற்றும், ஓட்டம் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால் செல் நிறைந்துவிட்டது என்று நிறுத்தும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் கேம் 300ஐ இழுத்துக்கொண்டே இருக்கும், அது நிறுத்தவே நிறுத்தாது. அதனால் ஒரு பக்கம் தள்ளினால் ஆட்டம், மறுபக்கம் தள்ளினால் சார்ஜ் என்று ஒரே சுவிட்ச் வையுங்கள்.

மூன்றாம்_அச்சு
பாருங்கள், செல்லுக்குத் தனிச் சுவர், தூணின் ஆழம், சுவிட்சுக்குப் பள்ளம். இதெல்லாம் அளவு தப்பாமல் வர வேண்டிய இடங்கள். என் வாதமே இதுதான்.

உப்புத்தாள்
அச்சில் எடுத்த தூண் படலம் படலமாக நிற்கும், திருகை இறுக்கினால் அந்தப் படலத்தோடு பிளந்துவிடும். இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம்_அச்சு
நேராகத் திருகைப் போட்டால் பிளக்கும். உள்ளே மரை உள்ள குட்டிப் பித்தளை இன்செர்ட்டை சால்டரிங் அயர்ன் முனையில் வைத்து சூடாக உள்ளே அழுத்திவிட்டால் நூறு முறை கழற்றிப் பூட்டலாம். பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கத்தான் போகிறோம், ஷீட்டில் போட்ட மரை அத்தனை முறை தாங்குமா?

உப்புத்தாள்
தாங்காது. அங்கே உங்கள் வழிதான் உறுதி, தூண்களை அச்சிலேயே எடுக்கட்டும். முகமும் பக்கங்களும் ஷீட்டில்தான் என்பதில் நான் மாறவில்லை. கையில் படுகிற பரப்பு அதுதான், வளைவை விரலால் தடவித் தடவித்தான் கொண்டுவர முடியும். அச்சில் எடுத்தாலும் கோடு மறைய இதே பட்டியும் இதே உப்புத்தாளும் போட்டாக வேண்டும். அந்த வேலையை முதலிலிருந்தே நல்ல ஷீட்டில் செய்தால் என்ன?

ஏ, பி பட்டனுக்கு ஒரு யோசனை. கர்நாடகத்தின் சன்னபட்ணா பக்கம்தானே, மரப்பொம்மை கடைகிறவர்களிடம் வெட்பாலை மரத்தில் இரண்டு பட்டன் கடைந்து, பட்டறையிலேயே அரக்குச் சாயம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். கடைசல் இயந்திரத்தில் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், அந்தச் சூட்டிலேயே சாயம் உருகிப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு பட்டனுக்கு அதைவிட நல்ல நிறம் கிடையாது.

மூன்றாம்_அச்சு
மர பட்டன் எனக்கும் பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் ஊதும், துளையில் 0.5 மி.மீ. விடுங்கள்.

தூண்களை நானே வரைந்து எடுத்துத் தருகிறேன். ஏபிஎஸ்ஸில் எடுத்தால் உப்புத்தாள் சொன்ன அசிட்டோன் பசையிலேயே ஷீட்டோடு ஒட்டும். செல் அறையின் சுவரையும் சேர்த்து எடுத்துவிடலாம். முழு முகத்தையும் எப்போது கேட்டாலும் எடுத்துத் தருவேன், அதுதான் சரி என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

கேசட்பெட்டி
ரொம்ப நன்றி. முகமும் பக்கமும் ஷீட்டில் அறுக்கிறேன், தூணும் செல் அறையும் அச்சில். சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போய் செல்லும் சார்ஜ் போர்டும் வாங்கிவிட்டு அளவுகளை இங்கே போடுகிறேன். திரையின் பின்னால் ரிப்பன் கேபிள் மடிந்து ஒட்டியிருக்கிறது. தூணின் உயரத்துக்கு அந்த மடிப்பையும் சேர்த்தே அளக்க வேண்டுமா?

மூன்றாம்_அச்சு
சேர்த்துத்தான். அதற்கு மேல் இன்னும் 2 மி.மீ. விடுங்கள். பின்மூடி அதில் அழுந்தினால் ரிப்பனுக்குள் தடம் அறுந்து படத்தில் கோடு விழும், அப்புறம் வேறு திரைதான் வாங்க வேண்டும்.